ஏர்போர்ட்டைத் தாண்டிப் போகிற ரயில்

காரைக்குடியில் இரவு ஏறிப் படுத்தால் விடிகிற நேரத்துக்குத் தாம்பரம் வந்துவிடும். பெட்டியில் பாதிப் பேர் அங்கேயே இறங்கிவிடுவார்கள். மீதிப் பேர் போர்வையை மடித்து வைத்துவிட்டு, சீட்டுக்கடியிலிருந்து பைகளை இழுத்து வழியில் அடுக்கிக்கொண்டு எழும்பூருக்காகக் காத்திருப்பார்கள். வண்டி சானடோரியம், குரோம்பேட்டை, பல்லாவரம் என்று நிற்காமல் ஓடும். அடுத்தது திரிசூலம். அந்த இடத்தில் இடது பக்க ஜன்னலில் பார்த்தால், ஜி.எஸ்.டி. சாலைக்கு, அதாவது தெற்கிலிருந்து சென்னைக்கு வருகிற நெடுஞ்சாலைக்கு, அந்தப் பக்கம் சென்னை விமான நிலையம் தெரியும். வண்டி அங்கே நிற்காது. ஒரு நிமிடத்தில் கடந்துவிடும்.

அதே பெட்டியில் சிங்கப்பூருக்கும் துபாய்க்கும் போகிறவர்கள் இருப்பார்கள். ஏர்போர்ட்டைக் கண்ணால் பார்த்துவிட்டு, எழும்பூர் வரை போய், படியேறி இறங்கி, டாக்சி பிடித்து, பதினைந்து கிலோமீட்டருக்கு மேல் வந்த வழியே திரும்பி வருவார்கள். நானும் அப்படி ஒரு முறை வந்தவன்தான். கூட ஆச்சி. காலை ஒன்பது மணிப் போக்குவரத்தில் கிண்டியைத் தாண்ட முடியாமல் கார் நகர்ந்து நகர்ந்து போகும்போது ஆச்சி கேட்டார்: “ஏய்யா, விடியக்காலம்பறவே ஏரோப்ளேன் தெரிஞ்சுச்சே, அப்புறம் எதுக்கு நாம இம்புட்டுத் தூரம் சுத்துறோம்?” என்னிடம் பதில் இல்லை. சென்னை என்றால் எழும்பூர் என்பது கையிலும் காலிலும் ஊறிப்போன பழக்கம், அவ்வளவுதான்.

“ஏர்போர்ட்டுக்கு ரயிலில் போவதா, டாக்சியில் போவதா?” என்று எங்கள் பக்கத்தில் யார் கேட்டாலும், எந்த ஏர்போர்ட் என்று முதலில் கேட்டுக்கொள்வேன். அடுத்து, விமானம் எத்தனை மணிக்கு. மூன்றாவதாகத்தான் பணம். நிறையப் பேர் பணத்தில் தொடங்கி அங்கேயே முடித்துவிடுகிறார்கள்.

வெளிநாட்டுப் பயணம் செட்டிநாட்டுக்குப் புதிதில்லை. பர்மா, இலங்கை, மலாயா என்று கடல் கடந்து கொண்டுவிற்கப் போனவர்களின் ஊர் இது. அந்தக் காலத்திலும் கேள்வி இதேதான்: கப்பல் ஏறும் இடத்துக்கு எப்படிப் போய்ச் சேருவது? திருச்சியிலிருந்து புதுக்கோட்டைக்கு 1929-லும், அங்கிருந்து காரைக்குடி வழியாக மானாமதுரைக்கு 1930-லும் ரயில் பாதை வந்தது. 1914-ல் பாம்பன் பாலம் திறந்த பிறகு, ரயிலும் கப்பலும் சேர்ந்த போட் மெயில் பயணம் தனுஷ்கோடி வழியாக இலங்கைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது. 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை அழித்த பிறகும் அந்தப் பெயர் மட்டும் போகவில்லை; ராமேஸ்வரம் எக்ஸ்பிரஸை இன்றைக்கும் போட் மெயில் என்றே சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். மலாயா போகிறவர்களுக்கு நாகப்பட்டினம். எஸ்.எஸ். ராஜுலா கப்பலில் பினாங்கு போய் இறங்கிய கதை இல்லாத பழைய வீடு இங்கே குறைவு.

போட் மெயிலில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ரயில் பயணிகளுக்காகவே கப்பல் நின்றது. இரண்டும் ஒரே பயணத்தின் இரண்டு பகுதி. இன்றைக்கு ரயிலுக்கும் விமானத்துக்கும் அப்படி எந்தச் சொந்தமும் கிடையாது. வண்டி தாமதமாகி விமானத்தைத் தவறவிட்டால் ரயில்வே அதற்குப் பொறுப்பேற்காது. விமான நிறுவனத்துக்கும் அது சம்பந்தமில்லாத விஷயம். வராமல் போன பயணிக்கு வரிகளும் விமான நிலையக் கட்டணங்களும் திரும்பக் கிடைக்கும், அதையும் கேட்டு வாங்க வேண்டும். டாக்சி தாமதமானாலும் இதே கதைதான். ஆக, நடுவில் இருக்கிற இடைவெளி முழுக்க நம் தலையில். எவ்வளவு இடைவெளி விடுவது என்பதைத் தீர்மானித்துவிட்டால், ரயிலா காரா என்பது தானாகவே தெளிந்துவிடும்.

எங்கள் பக்கத்துக்கு மூன்று ஏர்போர்ட்: திருச்சி, மதுரை, சென்னை. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் செட்டிநாட்டிலேயே ஓர் ஓடுதளம் இருந்தது. அதை மறுபடி பயன்படுத்தலாம் என்ற பேச்சு தேர்தல் சமயங்களில் எழும், அடங்கும். அதை நம்பி யாரும் டிக்கெட் போட முடியாது.

திருச்சி விஷயத்தைச் சுருக்கமாகவே முடித்துவிடலாம். திருச்சி விமான நிலையம் நகரத்துக்குத் தெற்கே, புதுக்கோட்டை சாலையில், அதாவது நம் பக்கத்திலேயே இருக்கிறது. காரைக்குடியிலிருந்து காரில் போனால் ஊருக்குள் நுழைவதற்கு முன்பே ஏர்போர்ட் வந்துவிடும். திருமயம், புதுக்கோட்டை தாண்டி ஒன்றரை மணி நேரம், மிஞ்சினால் ஒன்றேமுக்கால். ரயிலில் போனால் ஜங்ஷன் வரை போய் இறங்கி, ஆட்டோ பிடித்து ஐந்தாறு கிலோமீட்டர் இதே புதுக்கோட்டை சாலையில் திரும்பி வர வேண்டும். சென்னையில் எழும்பூர் செய்கிற வேலையை இங்கே ஜங்ஷன் செய்கிறது. அதனால் திருச்சிக்குக் கார்தான் சரி. கைப்பையோடு போகிற தனி ஆள் என்றால் பஸ்ஸே போதும். காரைக்குடி, புதுக்கோட்டைப் பக்கமிருந்து திருச்சி போகிற பஸ்கள் ஏர்போர்ட் வழியாகத்தான் போகின்றன. கண்டக்டரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். இறங்கிய பிறகு உள்ளே கொஞ்சம் நடையும் உண்டு.

2024 ஜூனில் புதிய முனையம் இயங்கத் தொடங்கியதிலிருந்து திருச்சியில் அந்தப் பழைய நெரிசல் இல்லை. சிங்கப்பூர், கோலாலம்பூர், கொழும்பு, வளைகுடா நாடுகள் என்று நேரடி விமானங்கள் இருக்கின்றன. டிக்கெட் சென்னையைவிட இரண்டாயிரம் மூவாயிரம் கூட என்று சிலர் தயங்குவார்கள். சென்னை போகிற செலவு, ஓர் இரவுத் தூக்கம், ஆச்சிக்கு மூட்டுவலி எல்லாவற்றையும் சேர்த்துக் கூட்டினால் அந்த வித்தியாசம் பெரும்பாலும் மாயமாகிவிடும்.

மதுரைக்கு ரயில் பேச்சே வேண்டாம். காரைக்குடியிலிருந்து மதுரைக்கு நேர் ரயில் பாதை கிடையாது. மானாமதுரை போய் மாற வேண்டும். திருப்பத்தூர், மேலூர் வழியாகப் பாதை வேண்டும் என்று வெகுகாலமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறோம். மதுரை ஏர்போர்ட் நகரத்துக்குத் தெற்கே பெருங்குடிப் பக்கம் இருப்பதால், மேலூர் வழியாக வருகிற கார் ரிங் ரோட்டைப் பிடித்துச் சுற்றிப் போக வேண்டும். திருப்பத்தூர், பொன்னமராவதிக்காரர்களுக்கு இது தோதுப்படும். காரைக்குடிக்காரர்களுக்கு டெல்லி, மும்பை விமானம் ஏதாவது நேரத்துக்குச் சரியாக அமைந்தால் மட்டும்.

மிச்சமிருப்பது சென்னை. தலைவலியும் அங்கேதான்.

காரைக்குடியிலிருந்து சென்னைக்குச் சாலையில் நானூறு கிலோமீட்டருக்கு மேல். ஏழு மணி நேரம் என்று டிரைவர் சொல்வார். சாப்பாடு, டீ, டோல்கேட் சேர்த்தால் எட்டு. லெம்பலக்குடியில் தொடங்கி, சமயபுரம், திருமாந்துறை, செங்குறிச்சி, விக்கிரவாண்டி, ஆத்தூர், பரனூர் என்று வழிநெடுக டோல்கேட்டுகள். ஒரு வழி டிராப் வண்டி என்றால் கிலோமீட்டருக்கு இவ்வளவு, டிரைவர் பேட்டா தனி, டோல் தனி. நான் விசாரித்த வகையில் சின்ன காருக்கு எல்லாம் சேர்த்து ஆறாயிரத்துக்குக் கீழே வருவதில்லை, ஏழாயிரத்தைத் தொடுகிறது. ரயிலில் ஸ்லீப்பருக்கு 300 ரூபாய் சுமார், மூன்றடுக்கு ஏசிக்கு 800 ரூபாய்க்குள்.

ரயில் தலைக்கணக்கு, கார் வண்டிக்கணக்கு. ஒருவர் போனாலும் நான்கு பேர் போனாலும் காருக்கு அதே ஏழாயிரம். ஆள் சேரச் சேர காரின் பங்கு குறைந்துகொண்டே வரும். நான்கு பேருக்கு ஏசி ரயில் 3,200 என்றால் கார் அதைப்போல் இரண்டு மடங்கு. ஒருவருக்கு என்றால் எட்டு ஒன்பது மடங்கு. இந்தக் கணக்கு எல்லா ஊரிலும் ரயிலுக்கே சாதகமாக விழாது என்பதற்கு நம்மவர்கள் அடிக்கடி போகிற கோலாலம்பூரே சாட்சி. அங்கே ஏர்போர்ட் நகரத்திலிருந்து ஐம்பது கிலோமீட்டருக்கு மேல். 2002-லிருந்து விரைவு ரயில் ஓடுகிறது; அரை மணி நேரம் சுமாரில் கே.எல். சென்ட்ரலில் விட்டுவிடும். ஆனால் தலைக்கு 55 ரிங்கிட். தனியாகப் போனால் கண்ணை மூடிக்கொண்டு ரயில். குடும்பத்தோடு மூன்று பேர் இறங்கினால் கிராப் காரில் வீட்டு வாசலுக்கே குறைந்த காசில் போய்விடலாம். பிள்ளைகள் அங்கே இருக்கிற வீடுகளில் இது எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான். சென்னைக்குப் போகும்போது மட்டும் இந்தக் கணக்கு மறந்துபோகிறது.

பணத்தை விடுங்கள். தாமதம் எப்படி வருகிறது என்று பார்ப்போம். ரயில் தாமதமாகும், மறுக்கவில்லை. ஆனால் ரயிலின் தாமதம் முன்கூட்டியே தெரியக்கூடியது. ராமேஸ்வரத்திலிருந்து வண்டி கிளம்பிவிட்டதா, மானாமதுரையைத் தாண்டிவிட்டதா என்று போனிலேயே பார்த்துக்கொள்ளலாம். தாமதம் பெரிதாக இருந்தால் வீட்டில் உட்கார்ந்தபடியே காரை வரச் சொல்லலாம். ஏற வேண்டிய நிலையத்துக்கு வண்டி 3 மணி நேரத்துக்கு மேல் தாமதமாக வருகிறது, நீங்கள் அதில் போகவில்லை என்றால், வண்டி கிளம்புவதற்கு முன் முறையாகப் பதிவு செய்தால் முழுக் கட்டணமும் திரும்ப வரும். இது நிறையப் பேருக்குத் தெரியாது.

சாலையின் தாமதம் வேறு ஜாதி. முதல் 350 கிலோமீட்டர் சொன்ன நேரத்துக்குப் போகும். கடைசி ஐம்பதில்தான் காலை வாரும். உளுந்தூர்பேட்டையில் சேலம் சாலை வந்து சேருகிறது. திண்டிவனத்தில் புதுச்சேரி, திருவண்ணாமலைச் சாலைகள். செங்கல்பட்டில் காஞ்சிபுரம் சாலை. தமிழ்நாட்டின் தென்பாதியிலிருந்து சென்னைக்கு வருகிற வண்டிகளில் பெரும்பகுதி ஒற்றை ஜி.எஸ்.டி. சாலையில் வந்து விழுகிறது. பெருங்களத்தூரில் மதுரவாயல் பைபாஸ், வண்டலூரில் வெளிவட்டச் சாலை என்று பிரிந்து போக வழிகள் இருக்கின்றன. ஆனால் ஏர்போர்ட் போகிறவருக்கு அந்த வழிகளால் பயனில்லை; ஏர்போர்ட் ஜி.எஸ்.டி. சாலையிலேயே அல்லவா இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், பொங்கல், தீபாவளி முடிந்து எல்லோரும் ஊர் திரும்புகிற நாள், இந்த நேரங்களில் பரனூரிலிருந்து தாம்பரம் வர இரண்டு மணி நேரம் ஆனால்கூட ஆச்சரியப்பட மாட்டேன். அதே ஜி.எஸ்.டி. சாலைக்கு இணையாகத்தான் தண்டவாளமும் போகிறது. நெரிசலில் நிற்கிற காரிலிருந்து பார்த்தால் ரயில் நம்மைத் தாண்டிப் போவது தெரியும். வயிறு எரியும்.

இரவு டாக்சியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். காலை ஏழு மணி விமானத்துக்காக முந்தின நாள் இரவு எட்டு மணிக்குக் காரில் கிளம்புகிற வழக்கம் எங்கள் பக்கத்தில் அதிகம். ஒரு முறை நானும் அப்படிக் கிளம்பினேன். இரண்டரை மணி இருக்கும், விக்கிரவாண்டி தாண்டியிருந்தோம். கார் சாலைக்கோட்டிலிருந்து லேசாக விலகுவதும் சட்டென்று திரும்புவதுமாக இருந்தது. முன்சீட்டில் இருந்த நான் டீக்கு நிறுத்தச் சொன்னேன். டிரைவர் இறங்கியதும் பாட்டில் தண்ணீரை முகத்தில் அடித்துக்கொண்டார். மெதுவாகப் பேச்சுக் கொடுத்தேன். முந்தின இரவு திருச்செந்தூர் டிரிப். காலையில் குன்றக்குடியில் ஒரு கல்யாண வண்டி. மத்தியானம் இரண்டு மணி நேரம் படுத்தாராம். “ஒண்ணுமில்ல சார், போயிரலாம்” என்றார். அரை மணி நேரம் சீட்டைச் சாய்த்துத் தூங்கச் சொல்லிவிட்டு நான் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். விமானம் கிடைத்தது. ஆனால் அன்றிலிருந்து இரவில் சென்னைக்குக் கார் என்றால் நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன். தவிர்க்க முடியாவிட்டால், முந்தின இரவு எங்கே போயிருந்தீர்கள் என்று வண்டி பேசும்போதே டிரைவரிடம் கேட்டுவிடுங்கள். கேட்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

சரி, ரயில்தான் என்று முடிவெடுத்தாகிவிட்டது. எங்கே இறங்குவது? தாம்பரம். டிக்கெட்டையே தாம்பரம் வரைக்கும் எடுக்கலாம். எழும்பூர் வரை எடுத்திருந்தாலும் தாம்பரத்தில் இறங்க எந்தத் தடையும் இல்லை. எழும்பூர் நிலையத்தில் மறுசீரமைப்பு வேலை நடப்பதால் சில வண்டிகள் தாம்பரத்தோடு நின்றுவிடுவதும் உண்டு. முன்பதிவு செய்யும்போதே பார்த்துக்கொள்ளுங்கள். 2025 ஏப்ரலில் புதிய பாம்பன் பாலம் திறந்த அன்று தொடங்கிய ராமேஸ்வரம் – தாம்பரம் வண்டிக்குத் தாம்பரமே கடைசி நிலையம். அது காரைக்குடியிலிருந்து அறந்தாங்கி, பட்டுக்கோட்டை, திருவாரூர் பக்கமாகச் சுற்றிப் போகிறது.

தாம்பரத்தில் இறங்கியதும் இரண்டு வழி. ஒன்று, கடற்கரை போகிற லோக்கல் ட்ரெயின். சானடோரியம், குரோம்பேட்டை, பல்லாவரம், நான்காவது ஸ்டேஷன் திரிசூலம். டிக்கெட் 5 ரூபாய். காரைக்குடியில் குடிக்கிற டீயைவிடக் குறைவு. திரிசூலத்தில் இறங்கி, ஜி.எஸ்.டி. சாலைக்கு அடியில் போகிற சுரங்க நடைபாதையில் நடந்தால் ஏர்போர்ட் பக்கம் ஏறலாம். தோளில் ஒரு பை, கையில் சின்ன சூட்கேஸ் என்று போகிற ஆளுக்கு இதைவிட வேகமான வழி கிடையாது. ஏழு மணிக்கு முன்னால் என்றால் கூட்டமும் இருக்காது. எட்டு மணியிலிருந்து பத்து மணி வரை ஆபீஸ் கூட்டம். அப்போது பெரிய பெட்டியோடு லோக்கலில் ஏற நினைப்பது அந்தக் கூட்டத்துக்கும் அநியாயம், உங்களுக்கும் அநியாயம்.

இரண்டாவது வழி, தாம்பரம் ஸ்டேஷன் வாசலில் ஒரு கார். ஏழெட்டு கிலோமீட்டர்தான். இரண்டு பெரிய பெட்டி, வயதானவர்கள் என்றால் இதுதான் சரி. காசு மிச்சம் பிடிக்கிற இடம் இது இல்லை. ரயிலில் நானூறு கிலோமீட்டர், காரில் எட்டு. ரயிலா டாக்சியா என்று கேட்கிறவர்களுக்கு என் பதில் இப்போதெல்லாம் இதுதான்: இரண்டும், ஆனால் தாம்பரத்தில் மாறி.

மெட்ரோவை மறந்துவிட்டேன் என்று யாராவது சொல்வீர்கள். 2016 செப்டம்பரில் ஏர்போர்ட்டுக்கு மெட்ரோ வந்தது. 2018-ல் எழும்பூரும் அதில் சேர்ந்தது. பழக்கதோஷத்தில் எழும்பூரே வந்துவிட்டவர்களுக்கு மெட்ரோ வரப்பிரசாதம். எழும்பூரில் பச்சை வழித்தடத்தில் ஏறி, ஆலந்தூரில் நீல வழித்தடத்துக்கு மாறினால் ஏர்போர்ட்டுக்குள்ளேயே கொண்டுபோய் விடும். ஏசி, லிஃப்ட், நகரும் படி எல்லாம் உண்டு. கட்டணம் 50 ரூபாயைத் தாண்டாது. ஆனால் இரவு பதினோரு மணியை ஒட்டி நின்றுவிட்டு, விடியற்காலை ஐந்து மணியை ஒட்டித்தான் மறுபடி தொடங்கும். வெளிநாட்டு விமானங்கள் பலவும் கிளம்புகிற நடுராத்திரி நேரம் முழுக்க மெட்ரோவும் தூங்குகிறது.

விமான நேரம்தான் கடைசியில் எல்லாவற்றையும் முடிவு செய்யும் என்று நான் சொல்வது இதனால்தான். உள்நாட்டு விமானத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே கவுன்ட்டரை மூடிவிடுவார்கள்; வெளிநாட்டுக்கு மூன்று மணி நேரம் முன்பே போய்விடுவது நல்லது. இரவு ரயில் தாம்பரத்துக்கு விடிகிற நேரத்தில் வந்தால், இரண்டு மணி நேரத் தாமதத்துக்கு இடம் விட்டு, காலை பதினொன்றரைக்குப் பிறகு கிளம்புகிற உள்நாட்டு விமானத்தைத் தைரியமாகப் போடலாம். வெளிநாடு என்றால் மதியம் ஒரு மணிக்கு மேல். சாயங்காலமோ ராத்திரியோ விமானம் என்றால் பல்லவன் எக்ஸ்பிரஸ். காரைக்குடியில் விடியற்காலை ஐந்து மணியை ஒட்டிக் கிளம்பி, மத்தியானத்துக்குள் தாம்பரம் வந்துவிடும். பகல் பயணம், உட்கார்ந்து போகிற வண்டி. வயதானவர்களுக்கு மேல் பெர்த் ஏறுகிற தொல்லை இல்லை. நடுராத்திரி சிங்கப்பூர் விமானத்துக்குப் பல்லவனில் போய், பல்லாவரத்திலோ குரோம்பேட்டையிலோ இருக்கிற உறவினர் வீட்டில் சாப்பிட்டு ஒரு தூக்கம் போட்டுவிட்டுக் கிளம்புவதைப்போல் நிம்மதி வேறு இல்லை. அந்தப் பக்கத்தில் சொந்தம் இல்லாத செட்டிநாட்டு வீடு உண்டா என்ன?

சிக்கல் விடியற்காலை ஐந்து, ஆறு மணி விமானங்கள். அந்த நேரத்துக்கு எந்த ரயிலும் ஒத்துவராது. இரவு முழுக்கக் கார் ஓட வேண்டும், அதை நான் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். முந்தின நாளே போய்த் தங்குவது ஒன்று. இன்னொன்று, திருச்சியிலிருந்தே சென்னைக்கு விமானம், அங்கிருந்து அடுத்தது, இரண்டும் ஒரே டிக்கெட்டில். ஒரே பி.என்.ஆர்., அதாவது ஒரே முன்பதிவு எண், என்பது இங்கே முக்கியம். முதல் விமானம் தாமதமாகி இரண்டாவது போய்விட்டால், அடுத்த விமானத்தில் ஏற்றிவிடுவது அவர்கள் பொறுப்பு. போட் மெயில் காலத்துச் சொந்தம் இதில் மட்டும்தான் மிச்சமிருக்கிறது. தனித்தனி டிக்கெட்டாக வாங்கினால் அந்தச் சொந்தமும் அறுந்துவிடும்.

ரயில் டிக்கெட் கிடைப்பது தனிக் கதை. 2024 நவம்பரிலிருந்து முன்பதிவு 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது. முன்பு 120 நாள். விமான டிக்கெட்டை ஆறு மாதம் முன்பே போட்டுவிட்டு ரயிலை மறந்துபோகிறவர்கள் இங்கேதான் மாட்டுவார்கள். விமான டிக்கெட் போட்ட அன்றே, அறுபதாவது நாள் என்றைக்கு வருகிறது என்று எண்ணிக் காலண்டரில் ஒரு வட்டம் போட்டுவிடுங்கள். தட்கல் முந்தின நாள் காலை பத்து மணிக்கு ஏசிக்கும் பதினொரு மணிக்கு மற்ற வகுப்புக்கும் திறக்கும். அதை நம்பி வெளிநாட்டுப் பயணம் போகிறவரின் இதயத் துணிவைப் பாராட்டத்தான் முடியும்.

அப்புறம் லக்கேஜ். செட்டிநாட்டு வீட்டில் ஒருவர் வெளிநாடு போகிறார் என்றால் வளவில், அதாவது வீட்டின் நடுமுற்றத்தில், ஒரு வாரம் முன்பே கடை விரித்துவிடுவார்கள். மணகோலம், தேன்குழல், சீப்புச் சீடை டின்னில். வத்தல், வடகம், ஊறுகாய் தனித்தனி உறையில். மகள் கேட்டாள் என்று ஒரு கண்டாங்கி சேலை. தூணோரம் ஒருவர் கொக்கித் தராசில் பெட்டியைத் தூக்கிப் பிடிக்க, இன்னொருவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எண்ணைப் படிப்பார். முப்பத்திரண்டரை. ஊறுகாய் ஒன்று வெளியே வரும். முப்பத்தொன்று. தேன்குழல் டின்னில் பாதி வெளியே வரும். ஆச்சி முகம் சுருங்கும். வெளியே எடுத்ததெல்லாம் ஒரு துணிப்பையில் ஏறி, “கைல வச்சுக்கலாம்ல” என்று மறுபடி பயணத்தில் சேர்ந்துவிடும்.

ரயில்வே கணக்குப்படி ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலும் ஆளுக்கு 40 கிலோ இலவசமாகக் கொண்டுபோகலாம், இரண்டடுக்கு ஏசியில் 50. விமானத்துக்கு ஒத்துவருகிற எடை ரயிலுக்கும் ஒத்துவரும். எடையைவிட எண்ணிக்கையே தொல்லை. நான்கு உருப்படியோடு ஒருவர் தாம்பரம் பிளாட்பாரத்தில் நின்றால், ஒன்றைத் தூக்கும்போது மற்ற மூன்றையும் பார்க்க ஆள் வேண்டும். ஒரு கைக்கு ஒன்று, முதுகில் ஒன்று, அதற்கு மேல் போனால் வீட்டு வாசலில் ஏற்றி ஏர்போர்ட் வாசலில் இறக்குகிற கார்தான். அல்லது அந்தத் துணிப்பையை விட்டுவிட்டுப் போக வேண்டும். எந்த வீட்டிலும் அது நடந்து நான் பார்த்ததில்லை.

திரும்பி வரும்போது கணக்கு தலைகீழ். போகும்போது விமானம் நமக்காக நிற்காது. வரும்போது ரயில் நிற்காது. விமானம் இறங்கி, குடியேற்றச் சோதனை முடிந்து, பெட்டி வந்து, சுங்கம் தாண்டி வெளியே வர ஒன்றரை மணி நேரமாவது ஆகும். செயலியில் கூப்பிடுகிற டாக்சி ஏர்போர்ட்டில் முனைய வாசலுக்கே வராது. பல அடுக்கு வாகன நிறுத்தம் வரை பெட்டியைத் தள்ளிக்கொண்டு போய் அங்கே ஏற வேண்டும். அதையும் சேர்த்துக் கணக்கிட்டு, ரயிலைத் தாம்பரத்திலிருந்து போட்டுக்கொள்ளுங்கள். எழும்பூர் வரை போய் ஏறினால், அரை மணி நேரம் கழித்து அதே தாம்பரத்துக்கு அந்த வண்டியிலேயே வந்து சேருவீர்கள். முன்பதிவில் ஏறுமிடத்தைத் தாம்பரம் என்று குறிக்க மறக்கக் கூடாது. எழும்பூர் என்று போட்டுவிட்டுத் தாம்பரத்தில் ஏறினால் உங்கள் பெர்த்தில் வேறு ஒருவர் உட்கார்ந்திருக்க வாய்ப்புண்டு.

இன்னொரு துண்டுப் பயணம் மிச்சமிருக்கிறது, யாரும் கணக்கில் சேர்க்காதது. தேவகோட்டைக்கு ஊருக்குள் ஸ்டேஷன் கிடையாது. தேவகோட்டை ரஸ்தா ஸ்டேஷன் ஊரிலிருந்து தள்ளி இருக்கிறது. கானாடுகாத்தானுக்குப் பக்கத்தில் செட்டிநாடு என்றே ஒரு ஸ்டேஷன் உண்டு, ஆனால் எல்லா வண்டியும் நிற்பதில்லை. ஆத்தங்குடி, பள்ளத்தூர் என்று சுற்றியுள்ள ஊர்களுக்கெல்லாம் காரைக்குடியில் இறங்கித்தான் போக வேண்டும். சென்னையிலிருந்து வருகிற இரவு வண்டிகள் காரைக்குடியைத் தொடுவது நள்ளிரவுக்கும் விடியலுக்கும் நடுவில். அந்த நேரத்தில் ஸ்டேஷன் வாசலில் நிற்கிற நாலைந்து ஆட்டோக்களை முதலில் இறங்கியவர்கள் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள். ஆச்சி சிங்கப்பூரிலிருந்து திரும்பியபோது நான் ஊரிலேயே ஓர் ஆட்டோக்காரரிடம் முந்தின நாள் சொல்லி வைத்திருந்தேன். வண்டி ஐம்பது நிமிடம் லேட். அவர் பின்சீட்டில் காலை மடக்கிப் படுத்திருந்தார். கூப்பிட்டதும் எழுந்து, ஆச்சியின் பெட்டியை வாங்கிக் கையால் எடை பார்த்துவிட்டு, “போகையில இருந்ததவிடக் கூடுதலா இருக்கே ஆச்சி” என்றார்.